பெருந்துறையில் பயிற்சி ஆசிரியையாக இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு தொலைபேசியில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்லாமல் எழுதுகிறேன் என்றேன். நீ கேட்ட கேள்வி ஒன்று, உன் பேச்சுக்குள் கிடந்த சிக்கல் வேறொன்று என்று எனக்குப் பட்டதே அதற்குக் காரணம். வகுப்பை அமைதியாக வைத்திருப்பது எப்படி என்று கேட்டாய். ஒன்று முதல் மூன்று வரையுள்ள பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போது சத்தம் இருக்கத்தான் செய்யும். கையில் வேலை இருக்கும் பிள்ளையின் சத்தம் எது, வேலை முடிந்துபோன பிள்ளையின் சத்தம் எது என்று இன்னும் சில வாரங்களில் உன் காதே பிரித்துச் சொல்லிவிடும். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

ஆனால் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாய். மூன்றாம் வகுப்பில் 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் பாதிப் பேர் 35 என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவு கவனக்குறைவு என்று சலித்துக்கொண்டாய். எனக்கு அது கவனக்குறைவாகத் தோன்றவில்லை. கவனம் தவறியிருந்தால் ஆளுக்கொரு விடை வந்திருக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே தவறு வருகிறது என்றால் அவர்கள் ஏதோ ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார்கள். பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று கீழ்வகுப்பில் நாம் சொல்லிக்கொடுத்ததையே அவர்கள் ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒன்றுகளின் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது, எனவே 7-இலிருந்து 2 போக 5. பத்துகளின் இடத்தில் 4-இலிருந்து 1 போக 3. பிள்ளையின் கண்ணுக்கு 42 என்பது நாற்பத்திரண்டாகத் தெரியவில்லை, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் 4-ஆகவும் 2-ஆகவும் தெரிகிறது.

இதற்குச் சிவப்பு மையில் சுழிப்பதால் பயன் இல்லை. தென்னை ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்துக்கொள். நான்கு கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் பிள்ளையின் முன் வைத்து, பதினேழு குச்சி கொடு என்று கேள். இரண்டு உதிரிகளை எடுத்துக் கொடுத்துவிட்டு அது விழிக்கும். சற்று நேரம் விழிக்கட்டும், நீ வாய் திறக்காதே. ஏதாவது ஒரு பிள்ளை கட்டை அவிழ்க்கலாமா டீச்சர் என்று கேட்கும். கட்டு அவிழ்ந்து மூன்று கட்டும் பன்னிரண்டு உதிரியும் ஆன பிறகுதான் கரும்பலகைக்குப் போக வேண்டும். ‘கடன் வாங்குதல்’ என்ற பேச்சைக் கையால் கட்டு அவிழ்க்காத பிள்ளையிடம் எடுப்பதில் எனக்கு என்றுமே உடன்பாடு இல்லை. கடைசியில், வந்த விடையோடு 17-ஐக் கூட்டிப் பார்க்கச் சொல். 35 எழுதிய பிள்ளைக்கு 52 வரும், அதைத் திருத்த நீ தேவைப்பட மாட்டாய்.

நூற்று ஐந்து என்று சொன்னால் 1005 என்று எழுதும் பிள்ளையும் இதே வகையைச் சேர்ந்ததுதான். கேட்டபடி நூறை எழுதி, அதன் பக்கத்தில் ஐந்தை எழுதியிருக்கிறது. எழுத்திலும் இப்படி உண்டு. கொடி என்ற சொல்லைக் ‘கெடி’ என்று எழுதும் பிள்ளை முன்னால் நிற்கும் கொம்பைப் பார்த்துவிட்டது, பின்னால் நிற்கும் காலைப் பார்க்கவில்லை. எனவே எந்தத் தவறைக் கண்டாலும், எப்படிப் போட்டாய், சொல் கண்ணு என்று கேட்டுவிட்டு, அது சொல்வதை உன் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வை.

பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கும் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்களாகப் பிரித்து நடத்துவது குழப்பமாக இருக்கிறது என்றாய். 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பலரும் இதைத்தான் சொன்னார்கள். அதற்கு முன் 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்து, பாட அட்டைகளையும், எதற்குப் பின் எதைக் கற்க வேண்டும் என்று காட்டும் ஏணிப்படிகளையும் கொடுத்து, எங்களை நாற்காலியிலிருந்து எழுப்பிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார வைத்தபோதும் இதே முணுமுணுப்பு இருந்தது. ஒரே வகுப்பில் படிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதை ஒப்புக்கொண்ட வகையில் இரண்டையும் நான் வரவேற்கிறேன். ஆனால் ஒரு பிள்ளையை ‘அரும்புப் பிள்ளை’ என்று அதன் காதுபட அழைக்காதே. அது குழுவுக்கு நாம் வைத்த பெயர், நாளைக்கே மாற வேண்டிய பெயர். (பதிவேடும் செயலியும் உன் நேரத்தைத் தின்னும்; அதைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது.)

சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளை வாயே திறப்பதில்லை என்றாயே, அதை மந்தம் என்று எழுதிவிடாதே. தமிழ் காதில் ஏறும்வரை அது கேட்டுக்கொண்டிருக்கும். அதற்குள் குச்சிக் கட்டுகளை அதன் கையில் கொடுத்துப் பார். எண்ணுவதற்கு உன் மொழி அதற்கு வேண்டியதில்லை. பேச்சுத் துணைக்கு ஆசிரியையைவிடப் பக்கத்தில் உட்காரும் இன்னொரு பிள்ளை மேல்.

காலை உணவு முடிந்து வரும் முதல் பாடவேளையைக் கணக்குக்குக் கேட்டு வாங்கிக்கொள். வெறும் வயிற்றோடு சுவரில் சாய்ந்திருக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாங்கள் நடத்திய அந்த வேளை, இப்போது நாளிலேயே நல்ல வேளை ஆகியிருக்கிறது. பிரம்பு இல்லாமல் முடியாது என்று யாராவது உனக்கு அறிவுரை சொன்னால், கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைத் தடை செய்திருக்கிறது என்று வாதாட வேண்டாம். கேட்டுக்கொண்டு உன் வேலையைப் பார்.

அம்மா ஈர்க்குச்சி சீவி உலர வைத்திருக்கிறாள். சனிக்கிழமை பேருந்தில் உன் மாமா கொண்டுவருவார். 35 எழுதிய பிள்ளைகளில் மூன்று பேருடைய நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. பெயர் வேண்டாம், கணக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

அன்புடன்,
அப்பா