ஐயாவோட வேட்டியத் தூக்கிப் போட்டுராத

அன்புள்ள மாப்ளைக்கு,

தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமா? இங்க பாபநாசம் அணையில தண்ணி திறந்தாச்சு. கன்னடியன் கால்வாய் நிறைய ஓடுது, கார் நெல் நடவு தொடங்கியாச்சு. எங்க வீட்டுல எல்லாரும் சுகம்.

நீ போன்ல சொன்னதுல இருந்து மனசு கேக்கல. உங்க ஐயாவோட எட்டு முழ வேட்டி, நம்ம வீரவநல்லூர்த் தறியில நெய்தது. அதுல சிவப்புத் துண்டோட சாயம் ஏறிட்டுன்னு தூக்கிப் போடப் போறியாமே. போட்டுராத மாப்ளே. எங்க ஆச்சியோட வெள்ளைச் சேலைக்கும் போன வருசம் இதே கதிதான். இடுப்புப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் திட்டு. சோப்பு, எலுமிச்சம்பழம், வெயில், ஒண்ணும் கேக்கல.

டவுன்ல ஒரு சலவைக்கடையில முன்னால எங்க ஐயாவோட கம்பளிச் சால்வையக் குடுத்து ஏமாந்திருக்கேன். குளோரின் போட்டு மஞ்சளாக்கி, ஓட்டையும் விழவச்சுக் குடுத்தானுவ. கம்பளியும் பட்டும் குளோரின் தாங்காது. பருத்தி தாங்கும், ஆனா அடிக்கடி போட்டா நூல் இத்துப்போகும். அதனால ஆச்சி சேலைய எடுத்துக்கிட்டு சாயப்பட்டறையில வேலை பாத்த ஒரு பெரியவர்ட்ட போனேன். "ஹைட்ரோஸ் போடும்"னார். சோடியம் ஹைட்ரோசல்பைட்டத்தான் பட்டறையில அப்படிச் சொல்லுதாங்க.

குளோரின் நிறத்த ஆக்ஸிஜனேற்றி அழிக்கும். ஹைட்ரோஸ் அதுக்கு நேர் எதிரு, சாயத்துக்கு எலக்ட்ரானக் குடுத்து ஒடுக்கும். பெரும்பாலான சிவப்பு, ஆரஞ்சுச் சாயங்கள்ல ரெண்டு நைட்ரஜன் கைகோத்து நிக்கும், நிறமே அந்தக் கட்டுலதான். ஹைட்ரோஸ் அதை அறுத்துப்போடும். அறுந்தது திரும்ப ஒட்டாது.

முற்றத்துல வாளியில அஞ்சு லிட்டர் வெந்நீர், கை பொறுக்காத சூடு. ரெண்டு தேக்கரண்டி சலவைச் சோடா, கடைசியா ரெண்டு தேக்கரண்டி ஹைட்ரோஸ். சேலைய முக்கி மூடி வச்சேன். ரொம்பக் கலக்காத, காத்துப் பட்டா மருந்து செத்துப்போகும். தீக்குச்சி உரசுன மாதிரி ஒரு நெடி. அஞ்சு நிமிசத்துல மூடியத் திறந்து பாத்தா, திட்டு ஓரத்துல இருந்து வெளுத்து வந்து, நடுவுல மட்டும் கொஞ்சம் சிவப்பு நின்னுச்சு. இன்னும் பத்து நிமிசம், அதுவும் போச்சு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு மாப்ளே. மூணு தண்ணியில அலசி நிழல்ல காயப்போட்டேன்.

ஒண்ணு சொல்லணும். சில நீலச் சாயத்துல இது வேற மாதிரி. என் பழைய நீலக் கைலியோட சாயம் பட்ட ஒரு துண்ட முக்குனேன். மஞ்சப்பச்சையா மாறிச்சு, சரி போச்சுன்னு எடுத்து விரிச்சா காத்துல மெல்ல நீலம் திரும்புது! பெரியவர் சொன்னார், அது அவுரி (இண்டிகோ) வகைச் சாயம், ஹைட்ரோஸ்ல கரைச்சுத்தான் துணிக்கே ஏத்துவாங்களாம். ஏத்துறதும் அதே, இறக்குறதும் அதே. மஞ்சளா இருக்கும்போதே தண்ணிய மாத்தி மாத்தி அலசணும்.

உன் வேட்டிக்கு அந்தச் சிக்கல் இல்ல, கரை மட்டும்தான் யோசனை. சரிகைக் கரைன்னா முக்காத, கந்தகம் வெள்ளியக் கறுப்பாக்கும். கலர்க் கரைன்னா அதுவும் வெளுத்துரும், உள்பக்க ஓரத்துல ஒரு சொட்டு விட்டுப் பாத்துக்க. அதுவரைக்கும் தேய்ப்புப்பெட்டி வைக்காத, சூடு பட்டா கறை இறுகிப்போகும்.

பொடி விசயத்துல கவனம். டப்பாக்குள்ள ஈரம் போச்சுன்னா தானே சூடாகித் தீப்பிடிக்கும். காஞ்ச கரண்டி, இறுக்கமான மூடி. தண்ணியில பொடியப் போடு, பொடி மேல தண்ணி ஊத்தாத. பிளீச்சிங் பவுடர், எலுமிச்சை, வினிகர் எதையும் கூடச் சேர்க்காத. அலுமினியச் சட்டி வேண்டாம். கையுறை போட்டு, காத்தோட்டமான இடத்துல செய்யி.

பயமா இருந்தா வேட்டிய அப்படியே மடிச்சு வச்சு, ஆனித் தேரோட்டத்துக்கு வரும்போது கொண்டா. நம்ம முற்றத்துல வாளிய வச்சு ரெண்டு பேருமாப் பாப்போம். தங்கச்சிட்டயும் சொல்லிரு, துவைக்கக் கூடாதுன்னு.

இப்படிக்கு,
உன் மச்சான்