ஏழு முறை சிமிட்டினால்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு கணினிப் பலகைகளைப் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் எழுதும்போது, அவை எழுந்திருக்க அடம்பிடிக்கும் கதையையும் கொஞ்சம் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நான். என் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினிப் பலகை ஒரு நாள் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. பலகை போயே போய்விட்டது என்று பேரனிடம் புலம்பினேன். அவன் திரையைப் பார்க்கவே இல்லை. பச்சை விளக்கு சிமிட்டுவதை எண்ணினான். ஏழு. கெர்னல் கோப்பு, அதாவது இயங்குதளத்தின் மையக் கோப்பு, கிடைக்கவில்லை என்று பொருளாம். (எண்ணுவது என் தொழில், எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்!) மெமரி கார்டில் பூட் பகுதி, அதாவது பலகை எழுந்திருக்கத் தேவையான கோப்புகள் இருக்கும் இடம், சிதைந்திருந்தது. புதிதாக எழுதினோம், சரியானது.

அப்புறம் இரண்டே நாளில் மறுபடியும் ஏழு. இந்தப் பலகைக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். நான் மாட்டியிருந்தது பழைய செல்போன் சார்ஜர். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் குறி வரும். அதை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். போதாக்குறைக்கு, ஷட்டவுன் செய்யாமல் பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் வேறு. இவற்றால்தான் கார்டு மறுபடியும் சிதைந்திருக்க வேண்டும்.

சிமிட்டல் கணக்கை ஒரு சிறு கட்டத்தில் அச்சிட்டால் என்னைப் போன்றவர்கள் வெட்டி ஒட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்