நமது ஜியோகேச்சிங் குழுவின் 2025 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வருவதாகச் சொல்லிவிட்டு வராதவர்களுக்கும் வணக்கம்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: சிங்கப்பூரில் நாம் விளையாடும் ஜியோகேச்சிங்கில் ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்து வைத்து அதன் ஜிபிஎஸ் எண்களை வலைத்தளத்தில் போடுவார், மற்றவர்கள் தேடிப் பிடித்து உள்ளே இருக்கும் சுருளில் கையெழுத்துப் போடுவார்கள். போன ஆண்டு அறிக்கை நீளம் என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். அதனால் நிகழ்ச்சிகளை முதலிலேயே முடித்துவிடுகிறேன். மார்ச்சில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் குப்பை பொறுக்கினோம். ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் புலாவ் உபின் தீவுக்கு அழைத்துப் போனோம், மழை. செப்டம்பரில் பழைய மலாயா ரயில் தடத்தில் புக்கிட் தீமா நிலையம் வரை நடந்தோம். நவம்பர் கூட்டம் ஆள் போதாமல் நடக்கவில்லை.

மே 3 பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேர்தல் நாளில் போய் நான் கூட்டம் வைத்துவிட்டேன் என்று வெளியில் பேச்சு அடிபடுகிறது. ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே 2ஆம் தேதி நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் அளவுக்குத் தடுமாறிய கருவிகள் ஒரே இரவில் திருந்தின. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் பக்கம் ஒரு கறுப்பு வாளியை ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். வாளிக்குள் இருந்த சாமான்களில் ஒரு பீன்ஸ் டின்னும் உண்டு. நம் பொழுதுபோக்கு பிறந்த கதை அது. 25 ஆண்டு நிறைவைக் கொண்டாட 2025 மே 3 சனிக்கிழமை என்று ஜனவரியிலேயே முடிவு செய்து எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். பொதுத்தேர்தல் வாக்களிப்பும் அதே நாளில் வந்தது என் குற்றமல்ல. வாக்குச்சாவடி காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை திறந்திருந்தது. நம் கூட்டம் உணவங்காடியில் மாலை 4 மணிக்கு. ஐந்து பேர் வந்தோம். ஆளுக்கொன்று கொடுக்க நான் வாங்கிய பீன்ஸ் டின்களில் மிச்சம் இன்னும் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு நான் புதிதாக ஒரு பெட்டிகூட வைக்கவில்லை. செயலாளரே வைக்கவில்லை என்றால் மற்றவர்கள் எப்படி வைப்பார்கள் என்று பொருளாளர் அக்கா ஒரு கூட்டத்தில் கேட்டார். நான் செய்த வேலை வேறு. ஏற்கெனவே இருக்கும் பெட்டிகளைச் சனிக்கிழமைதோறும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வந்தேன். மூடி இருக்கிறதா, உள்ளே இருக்கும் கையெழுத்துச் சுருள் ஈரமா, எண்கள் சரியா, வைத்தவர் இன்னும் இந்த ஊரில் இருக்கிறாரா என்று.

கடைசிக் கேள்விதான் பெரியது. நம் ஊர் அப்படி. வேலைக்கு வருகிறார்கள், இரண்டு மூன்று ஆண்டு இருக்கிறார்கள், உற்சாகமாகப் பத்துப் பெட்டி வைக்கிறார்கள், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிவிடுகிறார்கள். பெட்டி இங்கேயே அநாதையாகக் கிடக்கிறது. வைத்தவர் சம்மதித்தால்தான் அதை இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம் என்பது விதி. அவரோ மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதே இல்லை. அப்புறம் வலைத்தளத்தின் தன்னார்வப் பரிசீலகர் எச்சரித்து, காத்திருந்து, பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார். பட்டியலிலிருந்து போய்விடும், மரத்தடியிலிருந்து போகாது. அன்றுவரை விளையாட்டுப் பொருளாக இருந்தது அதற்குப் பிறகு வெறும் குப்பை. இதை வேறு மார்ச்சில் நாமே போய்ப் பொறுக்குகிறோம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே 161 மீட்டராவது இருக்க வேண்டும். பெட்டியே இல்லாத இடம் பட்டியலில் உயிரோடு நின்றால், அதைச் சுற்றி அந்தத் தூரத்துக்கு வேறு யாரும் எதுவும் வைக்க முடியாது. பெரிய நாட்டில் இது பரவாயில்லை. இந்தத் தீவில் பூங்காவுக்கும் அடுக்குமாடி புளோக்குக்கும் இடையே இருப்பதே அவ்வளவுதான்.

ஒரு கால்வாய் ஓரத்து நடைபாலத்தில் நான் கண்டதைச் சொல்லாமல் விட முடியாது. பட்டியலில் ஒரே ஒரு பெட்டிதான். நான் எடுத்தது மூன்று. முதலாவது அசல் பெட்டி, மூடி இல்லை, உள்ளே மழைத்தண்ணீர், தண்ணீரில் கொசுப்புழு. டெங்கி நடமாடும் ஊரில் அதிகாரிகள் கண்ணில் அது பட்டிருந்தால் யார் பதில் சொல்வது? மற்ற இரண்டும் மாத்திரைக் குப்பிகள். தேடிக் கிடைக்காதவர்கள், வெறுங்கையோடு போக மனமில்லாமல், கையில் இருந்த குப்பியைப் போட்டுவிட்டு ‘கண்டேன்’ என்று பதிந்துகொண்டு போயிருக்கிறார்கள். அடுத்து வந்தவர்கள் எது கிடைத்ததோ அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு குப்பியில் இருந்த சீட்டின் முதல் கையெழுத்து நம் உறுப்பினர் ஒருவருடையது. பெயர் சொல்லப் போவதில்லை. முன்வரிசையில் இல்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, செயலியையும் வலைத்தளத்தையும் நடத்துபவர்களுக்கு அனுப்ப ஒரு பரிந்துரைக் கடிதம் தயாரித்தேன். ஆகஸ்டில் செயற்குழுவில் வைத்தேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டம் நவம்பர். அதன் கதையை மேலே சொல்லிவிட்டேன். ஆகவே கடிதத்தின் சாரத்தை இங்கேயே பதிவு செய்கிறேன்.

முதலாவது, ‘கிடைக்கவில்லை’ என்ற பதிவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அரை மணி நேரம் தேடியும் இல்லை என்பது ஒன்று. மழை வந்துவிட்டது, பக்கத்து பெஞ்சில் ஒரு தாத்தா உட்கார்ந்து முறைத்தார், தேடவே இல்லை என்பது வேறு. இப்போது இரண்டும் ஒரே முகச்சுளிப்புப் படமாக விழுகிறது. ஒரு பெட்டியின் உடல்நிலைக்கு மதிப்பெண் போடும்போது வலைத்தளம் இந்தப் பதிவுகளையும் சேர்த்தே கணக்கெடுக்கிறது. அதனால் நல்ல பெட்டிக்கும் கெட்ட பெயர் வருகிறது. அந்தப் பயத்தில் பலர் கிடைக்கவில்லை என்று பதிவதையே விட்டுவிட்டார்கள். பதியாமல் விடுவதுதான் பெரிய பொய்.

இரண்டாவது, அநாதைப் பெட்டிகள். பட்டியலிலிருந்து எடுப்பதற்கு முன் அந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு மாதம் அறிவிப்பு கொடுக்கட்டும். யாராவது பொறுப்பேற்க முன்வந்தால், வைத்தவரிடமிருந்து பதிலே வராத நிலையில், அவருக்கே கொடுத்துவிடட்டும். யாரும் வரவில்லை என்றால் அந்த இடம் ‘அகற்ற வேண்டியது’ என்று வரைபடத்தில் தெரியட்டும், போய் எடுத்துவிடுகிறோம்.

மூன்றாவதைச் சொன்னபோது தலைவர் அண்ணன் சிரித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். பெட்டிக்கான குறிப்பை யாரும் தவறிப்போய்ப் படித்துவிடாமல் இருக்க, ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி எழுதிக் காட்டுகிறார்கள். 26 எழுத்தில் பாதி 13 என்பதால் இரண்டு தரம் தள்ளினால் பழைய எழுத்தே வந்துவிடும். சரி, குறிப்பைத் தமிழில் எழுதினால்? நம் எழுத்து 247. எதை எங்கே தள்ளுவது? தள்ளாமலே விட்டுவிடும். பிள்ளைகளுக்காக நான் தமிழில் எழுதிய ‘படிக்கட்டுக்கு அடியில் கை விடு’ அப்படியே பட்டவர்த்தனமாக நின்றது. எழுத்தை மாற்ற வேண்டாம், ஒரு திரை போட்டு மூடுங்கள், தொட்டால் திறக்கட்டும். தமிழுக்கு மட்டுமல்ல, சீனத்துக்கும் தாய்லாந்து மொழிக்கும் இதே கதைதான்.

நான்காவது, எண்ணிக்கை. எத்தனை கண்டுபிடித்தாய் என்பதை மட்டும்தான் நம் செயலிகள் பெரிதாகக் காட்டுகின்றன. ஈரச்சுருளை மாற்றியவருக்கு, ரப்பர் வளையம் போட்டவருக்கு, ஒன்றுமில்லை. அதற்கும் ஒரு புள்ளி கொடுத்தால் பொய்யாகப் பதிவார்கள் என்று ஆட்சேபணை வந்தது. பதிவார்கள்தான். இப்போது மட்டும் பதியாமலா இருக்கிறார்கள்?

எண்கள் விஷயத்தில் செயலியைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. நிமிடத்தில் மூன்று தசமம் வரை எழுதுகிறோம், அந்தக் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் 1.85 மீட்டர் நகர்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரிக்குச் சற்று வடக்கே இருப்பதால் எந்தத் திசையிலும் ஏறக்குறைய அதே கணக்கு. உயரமான புளோக்குகளுக்கு நடுவே சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வரும், கைப்பேசி நம்மைப் பக்கத்து புளோக்கில் கொண்டுபோய் நிறுத்தும். ஒரே தடவை பார்த்துவிட்டு எண்ணைப் போட்டால் இப்படித்தான். வெவ்வேறு நாளில் மூன்று தடவை எடுத்து சராசரி போடச் சொல்லி மூன்று ஆண்டாகச் சொல்கிறேன்.

அப்புறம், பெட்டி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்காக இருக்கட்டும், வெளியே என்னவென்று எழுதி ஒட்டுங்கள். 2011இல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில் ஒரு பெட்டியை வெடிகுண்டு என்று நினைத்துக் கடைத்தெருவைக் காலி செய்து வெடிக்கவே வைத்துவிட்டார்கள். இங்கே எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கேட்பாரற்ற பை கிடந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு. வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாக இருக்கின்றன. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, பார்க்க விரும்புபவர்கள் பார்க்கலாம். மழையில் நனையாத தாள், பென்சில், ஜிப் பை, காந்தம் ஆகியவற்றுக்குச் செலவானதில் ஒரு பகுதிக்கு ரசீது இல்லை. அது என் கைப்பணம், கேட்கப் போவதில்லை. சந்தா ஆண்டுக்கு 24 சிங்கப்பூர் வெள்ளி, மாதத்துக்கு இரண்டு. ஒரு கோப்பி விலைதான். கட்டாதவர்களின் பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டலாம் என்ற என் யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. பட்டியலில் செயற்குழுவினரே இருந்தது காரணமாக இருக்காது என்று நம்புகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: அறை தந்த சமூக மன்றத்தார், தேநீர் கொடுத்த அக்கா, சனிக்கிழமைகளில் என்னோடு நடந்த இரண்டு இளைஞர்கள், நான் புதர் அருகே குனிந்து நின்றபோது சந்தேகப்படாமல் டார்ச் அடித்துக் காட்டிய துப்புரவாளர் பெரியவர். தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு இந்தப் பொறுப்பில் நான் தொடரப் போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மூன்று ஆண்டாக இதையே சொல்கிறேன் என்று மனைவி சொல்கிறார். இந்த முறை நிஜம். ஆனால் நோட்டில் மேற்குப் பகுதி இன்னும் தொடங்கவே இல்லை. ஜூரோங் பக்கம் இருப்பவர்கள் யாராவது மாதம் ஒரு சனிக்கிழமை கொடுத்தால், நோட்டை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவது பற்றி யோசிக்கலாம். நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. பக்கத்திலேயே சந்தா டப்பாவும் இருக்கிறது. பீன்ஸ் டின் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், காலாவதித் தேதியைப் பார்த்து.

இப்படிக்கு,
செயலாளர்