கலினா மக்கள் இன்றும் இருக்கிறார்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கரீபியன் கடல் பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் ‘மனிதரைத் தின்ற கரீப் இனம் அழிந்துபோனது’ என்ற வரி மனதை உறுத்தியது.

அவர்கள் அழியவில்லை. தென் அமெரிக்காவில் வெனிசுவேலா, கயானா, சூரினாம், பிரெஞ்சு கயானா, பிரேசில் என ஐந்து இடங்களில் வாழ்கிறார்கள். பிரெஞ்சு கயானாவில் மரோனி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அவாலா-யாலிமாப்போ என்று அவர்கள் ஊரே இருக்கிறது. தங்களைக் கலினா என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். மனிதரைத் தின்றவர்கள் என்ற பழி, 1492இல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளின் தாயினோ பழங்குடி மக்களிடம் காதால் கேட்டு எழுதிவைத்தது. ‘கரீப்’ என்ற பெயர், மனிதரைத் தின்பவரைக் குறிக்கும் ‘கேனிபல்’ என்ற ஆங்கிலச் சொல் இரண்டும் அவர் அப்போது கேட்ட ஒரே பெயரிலிருந்து கிளைத்தவை.

நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். “நாங்க சினிமாவுக்குப் போறோம்னு சொன்னா உன்னைச் சேர்க்கலைன்னு அர்த்தம்” என்றால் போதும், ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும். கலினா மொழியிலும் இந்த வேறுபாடு உண்டு. கேட்பவரை விட்டுவிட்டுச் சொன்னால் ‘நஅனா’. நடுவில் தொண்டையில் ஒரு சின்ன நிறுத்தம். கேட்பவரைச் சேர்த்தால் சொல்லே வேறு. அதிலும் நீயும் நானும் மட்டுமா, நாம் எல்லாருமா என்று பிரித்துச் சொல்லலாம். தமிழில்கூட அது கிடையாது! அவர்களை ஆண்ட பிரெஞ்சுக்காரருக்கும் டச்சுக்காரருக்கும் இருப்பதோ எல்லாவற்றுக்கும் ஒரே சொல்.

1892இல் இந்த மக்களில் ஒரு குழுவைக் கப்பலேற்றிப் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு பூங்காவில் குடிசை போட்டு உட்காரவைத்து, டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்துக்குக் காட்டினார்கள். நோயில் விழுந்து சிலர் அங்கேயே இறந்தார்கள். அப்புறம் 1930கள் முதல் பிரெஞ்சு கயானாவில் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கத்தோலிக்க விடுதிகளில் வளர்த்தார்கள். சொந்த மொழியில் பேசினால் தண்டனை.

இவ்வளவுக்கும் பிறகு அந்த மொழி பேசப்படுகிறது. பிரெஞ்சு கயானாவில் சில பள்ளிகளில் சிறுபிள்ளைகளுக்குத் தாய்மொழியிலேயே சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். சூரினாமில் கலினாக்களும் லோகோனோ என்ற இன்னொரு பழங்குடியினரும் நில உரிமை கேட்டுப் போட்ட வழக்கில், 2015இல் அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அழிந்துபோனவர்களா வழக்கு நடத்துவார்கள்?

அடுத்த இதழில் தயவுசெய்து ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதில் அவர்கள் பெயரைக் கலினா என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர், கும்பகோணம்