வளையத்துக்கு ஒரு தேதி எழுதிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய மகளிர் நோய் மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். போன வாரம் என் அம்மாவுக்குக் கல் எடுத்தார்கள். சிறுநீரகக் கல் இல்லை, யோனிக்குள் வளர்ந்த கல். அபூர்வம் என்றார்கள். இறங்கிய கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்க யோனிக்குள் வைத்த வளையம் உள்ளேயே மறந்துபோய், சிறுநீர்க் கசிவும் கிருமியும் சேர்ந்தால் அதன்மேல் உப்பு படிந்து இறுகும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

வளையம் வைத்து ஆறு வருடம் ஆகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை அதை எடுத்துக் கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். எங்களுக்கு இப்போதுதான் தெரியும். அன்றைய சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மாத்திரைப் பெயர்கள் நான்கு இருக்கின்றன. வளையம் என்ற சொல்லே இல்லை.

இரண்டு வருடமாக அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் மடித்துப்போட்ட பழைய துண்டு. யாராவது வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். பேரன் மடியில் ஏற வந்தால், "பாட்டிக்குக் கால் வலிக்குதுடா" என்பார். காலில் ஒன்றுமில்லை. வாடை.

மூன்று மருத்துவர்களிடம் போனோம். "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி மாத்திரை எழுதினார்கள். படுக்கச் சொல்லி ஒருவரும் பார்க்கவில்லை. பல்வலி என்று போனால் மட்டும் வாயைத் திறக்கச் சொல்கிறீர்கள்!

நான்காவதாகப் பார்த்தவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வெறுமனே பிடித்து இழுத்திருந்தால் சதை கிழிந்து, சிறுநீர்ப்பை வரை ஓட்டை விழுந்திருக்கலாம். அவர் எக்ஸ்ரே பார்த்து, மயக்கம் கொடுத்து, துண்டு துண்டாக உடைத்து எடுத்தார். சிறுநீர்ப்பைக்குள் நீலச் சாயம் செலுத்தி, கசிகிறதா என்று பார்த்து, ஓட்டை எதுவும் இல்லை என்றும் உறுதி செய்துகொண்டார். தட்டில் காட்டினார்: சுவரிலிருந்து பெயர்ந்த காரை மாதிரி பழுப்புத் துண்டுகள், நடுவில் அந்த வளையம்.

வண்டி வாங்கினால் சர்வீஸ் தேதிக்கு முந்தின நாளே குறுஞ்செய்தி வருகிறது. முழு உடல் பரிசோதனைக்குத் தள்ளுபடி என்று உங்கள் மருத்துவமனைகளிலிருந்தும் தவறாமல் வருகிறது. அம்மா வளையத்துக்கு மட்டும் ஆறு வருடத்தில் ஒன்றுகூட வரவில்லை.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான். வளையம் வைக்கிற அன்றே சீட்டில் அதை எழுதுங்கள், எப்போது எடுக்க வர வேண்டும் என்ற தேதியோடு. வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். அந்தத் தேதிக்கு நோயாளி வராவிட்டால், தயவுசெய்து ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்