டிஸ்சார்ஜ் சீட்டில் சிஸ்டர் கையெழுத்தும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் என் மனைவிக்குக் காலில் புண், சர்க்கரையும் ஏறிப்போய், ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தோம். ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் "இன்னைக்குப் போகலாம்" என்றார். இன்சூரன்ஸ் ஒப்புதல் வந்து, பில் முடிந்து கிளம்ப மாலை ஆறு. அந்த எட்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கையில் ஆங்கிலத்தில் நாலு பக்கம், ஒரு மருந்துப் பை, அவ்வளவுதான்.

லிஃப்ட் வாசலில் வார்டு சிஸ்டர் பையை எட்டிப் பார்த்தார். "ஐயா, இந்த ஊசியை யார் குடுத்தது?" இன்சுலின் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட். பார்மசியில் கொடுத்ததோ ஆரஞ்சு மூடி ஊசி. அது 100 யூனிட் மருந்துக்கானது. அதில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். தபால் ஆபீசில் பார்சல் எடை போட்டவன் நான். முள் சரியாக நின்றால் எடை சரி என்பதே என் கணக்கு. இந்த வித்தியாசம் எனக்கு எங்கே தெரியும்? இதுவே 100 யூனிட் மருந்தை, 40 யூனிட் மருந்துக்கான சிவப்பு மூடி ஊசியில் இழுத்திருந்தால் 20க்குப் பதில் 50 போயிருக்கும். நினைத்தாலே கை உதறுகிறது.

சிவப்பு மூடி ஊசியாக மாற்றி வாங்கி வரச் சொன்னார். பெஞ்சில் உட்காரவைத்து, வெறும் தண்ணீரை என்னையே மூன்று முறை இழுக்க வைத்தார். முதல் தடவை பாதி காற்றுக்குமிழி. கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்ட வேண்டும், ஃப்ரீசரில் வைக்கக்கூடாது, வேர்த்து நடுங்கினால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும் என்றார். மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்காது. அதற்குள் வார்டிலிருந்து இரண்டு முறை அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆறு நாளும் ஊசி போட்டவர் அவர். மனைவிக்குக் கண் மங்கல், வீட்டில் நான்தான் ஊசி போட வேண்டும் என்பதெல்லாம் டாக்டரைவிட அவருக்குத்தான் தெரியும். ஆனால் டிஸ்சார்ஜ் என்றதும் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கை நரம்பில் குத்தியிருந்த வென்ஃப்ளான் குழாயை எடுத்துவிட்டு ஃபைலைக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்ததாம்.

பில்லிங்கில் சீல் விழாமல் வாட்ச்மேன் நம்மை வெளியே விடுவதில்லை. அதுபோல, "வீட்டில் பார்த்துக்கொள்பவருக்குச் சொல்லிக்கொடுத்தேன், அவர் செய்து காட்டினார்" என்று சிஸ்டர் கையெழுத்துப் போட்ட தமிழ்த் தாள் ஒன்றும் கட்டாயம் வேண்டும். லிஃப்ட் வாசலில் அவசரமாக இல்லாமல், முந்தின நாளே அவர் அதைத் தொடங்க நேரம் கொடுங்கள். வார்டு முழுக்க இரண்டே பேரை ஓடவிட்டால் அது நடக்காது. அதையும் நிர்வாகங்கள் யோசிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
காரைக்குடி