19 நாள் கழித்து ஒரு பதில்

நாகர்கோவில்,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள மக்களே,

குவேக்கர் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறேன், மார்ச்சில் அவர்கள் முறைப்படி ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்யப்போகிறேன் என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்து இன்றோடு 19 நாள் ஆகிறது. நீலக்குறி விழுந்ததை நீயும் பார்த்திருப்பாய். போனில் தட்டி எழுத எனக்கு வராது, அதனால்தான் தாமதம் என்று வைத்துக்கொள். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை. பின்கட்டு ஓடு மாற்றியாயிற்று. ஷெஃபீல்டில் குளிர் எப்படி? காதை மூடாமல் வெளியே போகாதே. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

குவேக்கர் என்றதும் எனக்கு முதலில் ஓட்ஸ் டப்பாதான் ஞாபகம் வந்தது. அந்தக் கம்பெனிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லையாம். அப்புறம்தான் பேக்கர் நினைவுக்கு வந்தார். திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் காபி ஹவுஸில் சுற்றிச் சுற்றி மேலே ஓடி, கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாயே, அது லாரி பேக்கர் கட்டியது. பர்மிங்ஹாமில் பிறந்த குவேக்கர். செங்கல்லை நெட்டுக்கு நிறுத்தி நடுவில் இடம் விடும் எலிப்பொறிக் கட்டு, மேலே பூச்சு வேண்டாம் என்பார். 30 வருஷம் ஓவர்சியராக இருந்து பூச்சுக்கு பில் எழுதிய எனக்கே அவர் மேல் ஒரு மரியாதை உண்டு.

சரி, அந்தக் கூட்டத்தில்தானே சேர்ந்திருக்கிறாய் என்று உட்கார்ந்து படித்தேன். போதகர் கிடையாது, பாட்டு கிடையாது, ஒரு மணி நேரம் பேசாமல் இருப்பார்கள், மனதில் ஏவுதல் வந்தவர் எழுந்து பேசுவார். ஓய்வுநாள் பள்ளியில் உன் வாயை மூட வைக்க டீச்சர் பட்ட பாட்டை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கல்யாணத்துக்கும் நடத்தி வைக்க ஆள் இல்லை. இருவரும் எழுந்து நின்று தாங்களே உறுதிமொழி சொல்ல வேண்டும். சேர்த்து வைப்பது கர்த்தருடைய வேலை, நாங்கள் சாட்சிகள் மட்டுமே என்று அவர்களுடைய ஜார்ஜ் ஃபாக்ஸ் 1600-களிலேயே சொல்லிவிட்டார். வந்தவர்கள் எல்லோரும், குழந்தைகள் உட்பட, ஒரே தாளில் கையெழுத்துப் போடுவார்களாமே.

இது எனக்குப் புதுசில்லை. கொட்டாரம் மாமா கல்யாணம் ஐயர் இல்லாமல், மாலை மாற்றி முடிந்தது. அந்த மாதிரிக் கல்யாணத்தை 1967-ல் அண்ணா சட்டமாக்கியதால் செல்லுபடியானது. நானும் போய் வயிறாரச் சாப்பிட்டு வந்தேன். ஆகவே சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கவில்லை, போதகர் இல்லை என்பது என் வருத்தமில்லை.

2009-ல் யார்க் நகரில் கூடி, ஆண் பெண் கல்யாணத்தைப் போலவே மற்றதையும் நடத்துவோம் என்று முடிவெடுத்து, சட்டத்தை மாற்றுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டிருக்கிறார்கள். ஓட்டு எடுக்கும் வழக்கமே இல்லையாம், எல்லோருக்கும் ஒரே மனது வரும்வரை காத்திருப்பார்களாம். நம் சபைக் கமிட்டியில் 11 வருஷம் இருந்தவனுக்கு இது நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சட்டம் 2013-ல் வந்தது, முதல் கல்யாணங்கள் 2014 மார்ச்சில். இங்கிலாந்துச் சபைக்கு அந்தச் சட்டமே அனுமதி தரவில்லை. அதையும் பார்த்துக்கொள்.

ஆனால் உங்கள் ஆட்கள் எல்லோருமே அப்படி இல்லையே, மக்களே. உலகத்திலேயே குவேக்கர்கள் அதிகம் இருக்கும் கென்யாவில் இதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் இண்டியானாவில் ஒரு சபை எல்லோரையும் வரவேற்கிறோம் என்று எழுதிவைத்ததில், அந்த வட்டாரச் சபைகள் எல்லாம் சேர்ந்த வருடாந்திரச் சபையே இரண்டாகப் பிரிந்தது. நீ விவரமானவள், எம்.டெக்கில் ரேங்க் வாங்கியவள், இதையெல்லாம் யோசித்திருப்பாய். இங்கே 2018 தீர்ப்புக்குப் பிறகு போலீஸ் பயம் இல்லை. ஆனால் 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் கல்யாணத்துக்கு முடியாது என்றுவிட்டது. நீங்கள் ஊருக்கு வந்த இடத்தில் உனக்கு ஒன்று ஆகிவிட்டால், ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளையை யார் என்று கேட்பார்கள்? நாங்கள் எத்தனை நாள் இருப்போம்? இதை யோசி. காதை மூடிக்கொண்டு போ. இதை யோசி.

அவர்களுடைய அறிவுரைகளில் ஒன்று, நீ தவறாகவும் இருக்கலாம் என்று எண்ணிப்பார் என்கிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

நீ கோயம்புத்தூரில் சேர்ந்த வருஷம், உன் சிநேகிதி, அந்தத் தக்கலைப் பிள்ளை உனக்கு எழுதியது. மூன்று இன்லண்ட் கடிதங்கள். ஒன்றின் ஓரத்தைப் பிரித்து நாலு வரி படித்தேன். மேலே படிக்கவில்லை. உன்னிடம் கொடுக்கவும் இல்லை. கிறிஸ்துமஸ் லீவில் வந்து, அவள் என்னை மறந்துவிட்டாள் அப்பா என்று மாட்டுத்தொழுவத்தில் உட்கார்ந்து அழுதாய். சில சிநேகிதம் அப்படித்தான் மக்களே என்று உன் தலையைத் தடவினேன். அந்தக் கையால்தான் இதையும் எழுதுகிறேன். அவளுக்கு அதற்குள் கல்யாணம் பேசிவிட்டார்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

எரித்துவிட நினைத்தேன், முடியவில்லை. பீரோவில் நிலப்பத்திரங்களுக்கு அடியில் இருக்கின்றன. அம்மாவுக்குத் தெரியாது. உன் செய்தியையும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வேன். ஞாயிறு ஆராதனை முடிந்து, மீன் வாங்கி வந்த பிறகு.

அந்தக் கடிதங்கள் உனக்குச் சேர வேண்டியவை. தபாலில் அனுப்பினால் தொலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கையில் கொண்டுவந்து தரலாம் என்றால் என் பாஸ்போர்ட் 2019-லேயே காலாவதி. புதுப்பிக்க எத்தனை நாள் பிடிக்கும் என்று விசாரித்து எழுது. மார்ச் என்று மட்டும்தான் போட்டிருந்தாய். தேதி என்ன?

அப்பா